மைக்ரேஷனுக்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டுமாம். வலசையா, புலம்பெயர்வா, இடம்பெயர்வா?

பிழைதிருத்தி

நண்பர்களே, தலை காய்கிறது, உதவுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு கண்காட்சிக்கு விளக்கப் பலகைகள் தமிழில் எழுதும் வேலை கையில் இருக்கிறது. மொத்தம் 14 பலகை. முதல் சிலவற்றில் பறவை, ஆமை, யானை. அப்புறம் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கடைசிப் பலகை, செலவை ஏற்றுக்கொள்ளும் மென்பொருள் நிறுவனத்துக்காக: பழைய கணினியிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றுவது பற்றி.

ஆங்கில மூலத்தில் இத்தனைக்கும் மைக்ரேஷன் என்று ஒரே சொல். தமிழிலும் ஒரே சொல் வேண்டும், அதுவே கண்காட்சியின் தலைப்பாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் 'இடம்பெயர்வு' என்று போட்டுக் கொடுத்தேன். பறவைப் பலகையைப் பார்த்தவர் அதை அடித்துவிட்டு 'வலசை' என்று எழுதினார். தோட்டப் பலகையைப் பார்த்தவர் 'புலம்பெயர்வு' என்று மாற்றினார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எதை வைத்துக்கொள்வது?

நத்தைகுத்தி

பறவைக்கு வலசைதான். இதில் பேச்சுக்கே இடமில்லை. 'பறவைகள் புலம்பெயர்ந்தன' என்று செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், ஏதோ அவற்றை யாரோ துரத்திவிட்ட மாதிரி.

கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி, குளிர்காலத்துக்குத் திருநெல்வேலிச் சீமைக்கு வருகிறது. வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிடும். அடுத்த ஆண்டும் அதே குளம். போவது மட்டும் வலசை இல்லை, திரும்பி வருவதும் சேர்ந்ததுதான் வலசை. ஒருமுறை வந்துவிட்டு அங்கேயே தங்கிப் பெருகிவிட்டால் அதை வலசை என்று சொல்ல மாட்டோம். வழிதப்பி ஒன்றிரண்டு வந்து சேர்ந்தாலும் அது வலசைக் கணக்கில் வராது.

ஆமைக்கும் அப்படித்தான். நம் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமைக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயரே பங்குனி ஆமை. வரும் மாதத்தையே பெயராக்கி விட்டார்கள். யானைக்கு வலசைப் பாதை என்று எழுதுங்கள். வழித்தடம் என்றாலும் சரி.

ஓலைச்சுவடி

நத்தைகுத்தி தம்பிக்கு ஒரு சங்கதி. பழைய அகராதிகளைத் திறந்து 'வலசை' பாருங்கள். பறவையே இருக்காது. எதிரிப் படைக்குப் பயந்து குடிகள் ஊரை விட்டு ஓடுவது என்று இருக்கும். பறவைக்காரர்கள் இந்தச் சொல்லை மனிதர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்.

அண்டை மொழிகளில் அது இன்றும் மனிதர்களோடுதான் இருக்கிறது. தெலுங்கில் 'வலச கூலிலு' என்றால் வெளியூருக்கு வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள். கன்னடத்தில் 'வலசெ'. இரண்டு மொழியிலும் பத்திரிகைச் சொல் அது. நாம் ஒருவர்தான் அதைச் சிறகு கட்டிப் பறக்க விட்டுவிட்டோம்.

இன்னொன்று, ஊர்ப் பெயர்கள். தென்காசியை ஒட்டிக் குத்துக்கல்வலசை இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற வழியில் பிரப்பன்வலசை. இந்த ஊர்களில் எல்லாம் நாரை வந்து இறங்கியதால் பெயர் வந்தது என்று நான் நம்பவில்லை.

மேற்கே மழை

குத்துக்கல்வலசைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். போன வருஷம் குற்றாலம் வந்த ஒருவர் பஸ்ஸில் பெயரைக் கேட்டுவிட்டு, சரணாலயம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். ஜன்னல் வழியாக ரெண்டு காக்காவைக் காட்டினேன்.

நத்தைகுத்தி

ஓலைச்சுவடி ஐயா, இது எனக்குத் தெரியாது. அகராதியையும் பார்த்துவிட்டேன், நீங்கள் சொல்வது சரி. ஆனால் நாற்பது வயசுக்குக் கீழே யாரிடமாவது வலசை என்று சொல்லிப் பாருங்கள், மனதில் வருவது பறவைதான். சொல் கைமாறிப் போச்சு. இனிமேல் திரும்பக் கேட்டால் நாங்கள் கொடுப்பதாக இல்லை :)

பனங்காய்ப் பணியாரம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் இடம்பெயர்வு, புலம்பெயர்வு இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக்கூடிய சொற்கள் மாதிரிப் பேசுகிறீர்கள். எங்களுக்கு அவை இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

இடம்பெயர்ந்தவர் என்றால் நாட்டுக்குள்ளேயே வீட்டை விட்டு ஓடியவர். புலம்பெயர்ந்தவர் என்றால் கடல் கடந்து கனடாவிலோ பிரான்ஸிலோ சுவிஸிலோ இருப்பவர். போர்க்காலத்தில், 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமச் சனம் முழுக்க ஒரே வீதியில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை வேறு. அதை நாங்கள் 'இடப்பெயர்வு' என்று மட்டும் சொன்னாலே போதும், எது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அம்மம்மா அந்தச் சொல்லையும் பாவிக்கமாட்டா. "ஓடேக்கை" என்பா, ஓடும்போது என்று அர்த்தம். "ஓடேக்கை அந்தத் தையல் மெசினை விட்டிட்டு வந்திட்டம்" என்று இப்பவும் சொல்லுவா. அந்தத் தையல் மெசினோடு வந்திருந்தால் அம்மம்மா எதைச் சொல்லிக் கவலைப்பட்டிருப்பா என்று நாங்கள் பகிடி விடுவதுண்டு.

இன்னும் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். கனபேர் புத்தளத்தில் போய்த் தங்கினார்கள். அதை 'இடம்பெயர்வு' என்று எழுதினால் அவர்களுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். தாங்களாகப் பெயர்ந்து போகவில்லை, வெளியேற்றப்பட்டோம் என்பார்கள். இடம்பெயர்வு என்கிற சொல்லில் துரத்தியவர் காணாமல் போய்விடுகிறார். ஆகவே பிழைதிருத்தி, உங்கள் 14 பலகையிலும் ஒரே சொல்லை ஒட்டாதீர்கள்.

ஓலைச்சுவடி

நல்ல பதிவு. 'புலம்பெயர்' பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், நீளமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது அண்மையில் உண்டாக்கிய சொல் இல்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும் இடத்தில் 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று வருகிறது. பல மொழி பேசும் வேற்று நாட்டு மக்கள், தம் நிலத்தை விட்டு வந்தவர்கள், இங்கே ஊர்க்காரர்களோடு கலந்து இனிதாக வாழ்கிறார்கள். கவனியுங்கள்: தமிழில் முதலில் புலம்பெயர்ந்தவர்கள் தமிழர்கள் இல்லை, நம் ஊருக்கு வந்தவர்கள்.

பெயர்தல் என்ற வினைதான் இதில் உயிர். சுவரில் காரை பெயர்கிறது, பல்லைப் பெயர்த்துவிடுவேன் என்கிறோம். ஒட்டியிருந்த இடத்தை விட்டுக் கிளம்புவது, கொஞ்சம் வலிக்கும். குறுந்தொகையில் 'மொழிபெயர் தேஎம்' வருகிறது. மொழி மாறிப்போகும் நாடு என்று பொருள், தலைவன் அவ்வளவு தூரம் போய்விட்டான். அதே வினைதான் இன்று மொழிபெயர்ப்பு என்று நம் பிழைதிருத்தியின் தலையைத் தின்றுகொண்டிருக்கிறது.

புலம் என்றால் நிலம், வயல், திசை. தென்புலத்தார் என்று குறளில் வருவது முன்னோர்கள்.

பனங்காய்ப் பணியாரம்

ஐயா சொன்ன 'புலம்' ஞாபகப்படுத்தியது. புலம்பெயர்தல் என்றால் புலத்தை விட்டுப் போதல், சரிதானே? அப்படியென்றால் புலம் என்பது விட்டுவந்த ஊர். ஆனால் இப்ப எங்கட ஆட்கள் "புலத்தில் இருக்கிற பிள்ளைகள்", "புலத்திலிருந்து காசு வந்தது" என்று எழுதுகிறார்கள். அங்கே புலம் என்றால் ரொறன்ரோ! முப்பது, நாற்பது வருசத்துக்குள் சொல் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது. போனவர்கள் போன இடத்துக்கே சொல்லையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு

நான் இயற்பியல் ஆசிரியர். உங்கள் சண்டையில் 'இடப்பெயர்ச்சி' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், அது எங்கள் சொத்து. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையே உள்ள நேர்க்கோட்டுத் தொலைவு. எத்தனை கிலோமீட்டர் சுற்றினாலும் புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி சுழி.

அதன்படி பார்த்தால் நத்தைகுத்தியின் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து, திரும்பிப் போய், அதே ஏரிக்கரையில் உட்கார்ந்தால் அதன் இடப்பெயர்ச்சி பூஜ்யம். வகுப்பில் நாளைக்கே இந்த எடுத்துக்காட்டைச் சொல்லப்போகிறேன்.

மேற்கே மழை

சார், எங்க வீட்டில் பெயர்ச்சி என்றால் ஒன்றுதான். இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை சனி பெயருவார், வருஷத்துக்கு ஒரு தடவை குரு பெயருவார். அவங்களுக்கு யாரும் விசா கேட்பதில்லை.

சூளைப்புகை

தொழிற்சங்க வேலையில் இருக்கிறேன். இதுவரை நடந்த பேச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

செங்கல் சூளைக்குப் போகிற குடும்பத்திடம் போய் "நீங்கள் புலம்பெயர் தொழிலாளரா?" என்று கேட்டால் விழிப்பார்கள். "சூளைக்குப் போயிருக்கோம்" என்பார்கள். கரும்பு வெட்டுகிறவர் "வெட்டுக்குப் போறோம்" என்பார். பொதுவாகக் கேட்டால் "பொழைக்கப் போனோம்". முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர், பணம் கழியும் வரை திரும்ப முடியாது. ஆகவே அதில் திரும்புவதும் அவர் கையில் இல்லை. நத்தைகுத்தியின் இலக்கணத்தை இங்கே பொருத்தினால் கணக்கு உதைக்கும்.

'புலம்பெயர் தொழிலாளர்' என்ற தொடர் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் வந்தது 2020 ஊரடங்கின்போது, நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்தவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு. அதற்கு முன்னால் 1979-லேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர்களுக்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூட்டிக்கொண்டு போகும் ஆளுக்கு, போகும்போதே ஒரு படி கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது: மாதக் கூலியில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. ஊரை விட்டுப் பெயர்வதற்கே ஒரு விலை! நான் பேசிய ஆட்களில் அந்தப் படியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

கேரளத்தில் அரசே 'அதிதி தொழிலாளி' என்று சொல்கிறது. விருந்தாளித் தொழிலாளர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு: விருந்தாளி என்றால் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்கலாம்.

பனங்காய்ப் பணியாரம்

தோழர், கோபிக்க வேண்டாம். பீகாரிலிருந்து சென்னைக்கு வந்து கட்டட வேலை செய்பவரைப் 'புலம்பெயர்' என்று எழுதியதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வித்தியாசமாக இருந்தது. எங்களுக்கு அந்தச் சொல்லில் போர் இருக்கிறது.

சூளைப்புகை

கோபம் இல்லை. ஆனால் ஓலைச்சுவடி காட்டிய பாட்டைப் பாருங்கள். வேற்று மொழி பேசிக்கொண்டு நம் ஊருக்கு வந்து கலந்தவர்களைத்தான் அது சொல்கிறது. அந்தக் கணக்கில் பீகார் கொத்தனார்தான் முதல் உரிமைக்காரர். உங்களுக்குப் போர், அவருக்குப் பசி. நான் 'வெளிமாநிலத் தொழிலாளர்' என்று எழுதுவதுண்டு, சண்டை குறையும்.

நெறியாளர்

'வந்தேறி' என்று தொடங்கிய ஒரு பதிவு நீக்கப்பட்டது. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் ஆட்களைத் திட்ட வேண்டாம். 'வடக்கன்' என்பதற்கும் இதே விதிதான்.

ஓலைச்சுவடி

நெறியாளர் செய்தது சரி. ஒரு வரி மட்டும்: வந்து ஏறியவர் என்பதற்கும் குடியேறியவர் என்பதற்கும் சொற்கட்டில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றில் குடி இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. அந்த ஒரு குடியை எடுத்ததும் வசவாகிவிட்டது.

கணக்கெடுத்த டீச்சர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போனவள் நான். பிழைதிருத்தி, அந்தப் பலகையை எழுதும்போது கவனம், அங்கேதான் இந்தச் சொல் ரொம்பவே பரந்து கிடக்கிறது.

கணக்கெடுப்பின்படி, பிறந்த ஊரிலோ இதற்கு முன் குடியிருந்த ஊரிலோ இல்லாமல் வேறு ஊரில் இருந்தால் நீங்கள் இடம்பெயர்ந்தவர். பக்கத்துக் கிராமமாக இருந்தாலும் சரி, பத்து வருஷம் ஆகியிருந்தாலும் சரி. 2011-ல் அப்படி நாடு முழுக்கச் சுமார் 45 கோடிப் பேர். மொத்த ஜனத்தில் 37 சதவீதம். இத்தனை பேரும் மூட்டையோடு ரயிலேறியவர்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். காரணங்களில் முதலிடம் கல்யாணம். வேலை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

படிவத்தில் காரணம் எழுத ஏழு பிரிவு: வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்தவுடன் வந்தது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை. அந்த ஐந்தாவதைப் பார்த்து முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது: தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள் அல்லவா, அங்கே பிறந்த பிள்ளை மூன்றாம் மாதம் அப்பா வீட்டுக்கு வருகிறது. அதுவும் இடம்பெயர்வு. நான் பெற்று, தூளியில் கிடந்த மகனுக்கே அந்த எண்ணைத்தான் போட்டேன்.

பதினோரு கிலோமீட்டர்

டீச்சரக்கா எழுதியதைப் படித்துவிட்டு, இத்தனை வருஷம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவள் இப்போது கணக்கு தொடங்கி எழுதுகிறேன். நான் வாக்கப்பட்டு வந்த ஊர் பிறந்த ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். நான் புலம்பெயர்ந்தவளா? மாமியாரிடம் கேட்டேன், அவர் 4 கிலோமீட்டர்காரர். "போடி, வேலையைப் பாரு" என்றார்.

சிரிப்புக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்யாணமான மறுமாதம் ரேஷன் கார்டில் அப்பா வீட்டில் என் பெயரை நீக்கி, அதற்கு ஒரு சான்று வாங்கி, இங்கே சேர்த்தார்கள். இடம் பெயர்ந்ததுகூட உறைக்கவில்லை, பஸ்ஸில் அரை மணி நேரம். பெயர் பெயர்ந்தபோதுதான் உறைத்தது. ஆண்பிள்ளைகள் துபாய்க்குப் போனாலும் அவர்கள் பெயர் அதே கார்டில் பத்திரமாக இருக்கிறது.

சபுராளி வீடு

துபாய் என்று சொன்னதால் உள்ளே வருகிறேன். எங்கள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவருக்கு 'சபுராளி' என்று பெயர். சபர், பயணம். சபுர் போயிருக்கார், சபுரிலிருந்து வந்திருக்கார். இந்தச் சொல்லில் குடியேறுவது என்ற எண்ணமே கிடையாது. முப்பது வருஷம் அங்கே இருந்தாலும் பயணத்தில் இருப்பவர்தான். வளைகுடாவில் அவ்வளவு எளிதாகக் குடியுரிமை தரமாட்டார்கள் என்பது தனிக்கதை.

இதையும் பாருங்கள். பத்தாவது தேறாதவர் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகவேண்டும் என்றால் நம் அரசின் அனுமதி வேண்டும். தேறியவருக்கு வேண்டாம். அதே விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் இன்ஜினியர் 'ஆன்சைட்' போகிறார். அமெரிக்கா போனவர் 'செட்டில் ஆயிட்டார்'. ஒரே வானம், டிக்கெட்டுக்குத் தகுந்த சொல்.

குவீன்ஸ்டவுன் முருங்கை

சிங்கப்பூரிலிருந்து. எங்களுக்கு விமான நிலையத்தில் இருப்பது 'குடிநுழைவு'. இலங்கையில் 'குடிவரவு', போவதற்குக் 'குடியகல்வு', அந்தத் திணைக்களத்தின் பெயரிலேயே இரண்டும் உண்டு. சென்னைச் செய்தித்தாளில் 'குடியுரிமை அதிகாரிகள் சோதனை' என்று எழுதுகிறீர்கள். அப்பா, இரண்டு வாரச் சுற்றுலா வந்தவனுக்கு எதற்குக் குடியுரிமை? வருகிறவருக்குக் கதவைத் திறப்பது வேறு, வீட்டில் பங்கு கொடுப்பது வேறு.

கிடைக்காடு

ராமநாதபுரம் பக்கம் கீதாரிக் குடும்பம் எங்களுடையது. நான் ஆடு மேய்க்கவில்லை, வங்கி வேலை. பெரியப்பா இன்னும் விடவில்லை.

மழை முடிந்து எங்கள் சீமையில் புல் தீர்ந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரிக்குக் கிடை போடுவது. ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரம், வயல்காரர் நெல்லோ காசோ கொடுப்பார். மேய்ச்சல் போன வழியே நடந்து ஊர் திரும்புவார்கள். மறுவருஷம் அதே வயல், அதே வயல்காரர் குடும்பம், பெரியப்பாவுக்கு அங்கே மூன்று தலைமுறைப் பழக்கம்.

நத்தைகுத்தி அண்ணே, நீங்கள் சொன்ன இலக்கணத்தில் ஒரு புள்ளி குறையாமல் இருக்கிறதா? அப்படியென்றால் எங்கள் ஆட்கள் போவது வலசை. பறவைக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு கட்டிய மனிதன் நடக்கிறான், அவனுக்கும் ஒரு பலகை உண்டா?

நத்தைகுத்தி

உண்டு. சொல்லைத் திருப்பித் தரமாட்டேன் என்றேன், பாதியைக் கிடைக்காடு வீட்டுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

சர்வர் ரூம்

எல்லாரும் கண்ணீர் விடும் இழையில் கணினிக்காரன் நுழைவதற்கு மன்னிக்கவும். கடைசிப் பலகை எங்கள் ஆட்களுடையது என்பதால்.

தரவை மைக்ரேட் பண்ணும்போது முதலில் பிரதி எடுப்போம். புதிய இடத்தில் எல்லாம் சரியாக உட்கார்ந்ததா என்று எண்ணிப் பார்ப்போம், வரிசைக்கு வரிசை. அதுவரை பழையதை அணைக்கமாட்டோம். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது சொதப்பினால் பழையதற்கே திரும்பிவிட வழி வைத்திருப்போம். ஒருமுறை அந்த வழியை வைக்காமல் மாற்றிவிட்டு மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

மேலே எழுதிய ஒருவருக்கும் அந்த வசதி இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எங்கள் பலகையில் அந்தப் பெரிய சொற்கள் எதுவும் வேண்டாம். 'தரவு நகர்த்தல்' போதும். நாங்கள் பேசும்போது எப்படியும் மைக்ரேட் பண்றோம் என்றுதான் சொல்லப்போகிறோம்.

கூடலூர் தேயிலை

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இலங்கைத் தோட்டப் பலகை பற்றி யாராவது பேசுவீர்கள் என்று பார்த்தேன். சரி, நானே எழுதுகிறேன்.

என் பாட்டியின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கக் 'கண்டிச் சீமை' போனார். கங்காணி கூட்டிக்கொண்டு போனது. அங்கே கண்டி ராஜாவும் இல்லை, சீமையும் இல்லை, காடு. காப்பி, அப்புறம் தேயிலை. பாட்டி பிறந்தது ஹட்டன் பக்கத்தில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பாட்டியின் அம்மாவும் அங்கேதான் பிறந்தார்.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மீதி! பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். சொத்துப் பிரிக்கும்போதுகூட ஆடு மாடுகளை இப்படி எண்ணமாட்டோம்.

பாட்டி எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட்டது, இன்று டான்டீ என்கிறோம். மறுபடியும் அதே கூடை, அதே கொழுந்து, அதே குளிர்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். காகிதத்தில் பாட்டியின் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. வாழ்க்கையில் ஒருமுறைகூடப் பார்க்காத மண்ணுக்கு எப்படித் திரும்ப முடியும்? பாட்டி கேட்டது இது, நான் இல்லை. ஊர்க்காரர்கள் இன்றும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்கிறார்கள். அங்கே இருந்தபோது 'இந்தியாக்காரர்' என்றார்களாம். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அகதி. 2021-ல் அவர்கள் இருக்கும் இடங்களை அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, முகாம் என்பது மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

வலசை, புலம்பெயர்வு, இடம்பெயர்வு மூன்றையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். எது பொருந்தும் என்று கேட்டேன். "எங்களக் கொண்டாந்து விட்டாங்க" என்றார்.

பதினோரு கிலோமீட்டர்

கூடலூர், நீங்கள் அண்ணனா அக்காவா தெரியவில்லை. பாட்டியின் வயசென்ன?

கூடலூர் தேயிலை

அக்காதான். பாட்டிக்கு 84 ஓடுகிறது. கண் மட்டும் கொஞ்சம் மங்கல்.

பிழைதிருத்தி

எல்லாருக்கும் நன்றி. நேற்று அவர்களிடம் போய்ப் பேசினேன். ஒரே சொல் நடக்காது என்று இந்த இழையையே திறந்து காட்டினேன். முதலில் முகம் சுளித்தார்கள், கணக்கெடுத்த டீச்சரின் தூளிப் பிள்ளையிடம் வந்ததும் சிரித்துவிட்டார்கள். தலைப்பு இப்போது 'ஊர் விட்டு ஊர்'. அதில் ஊர் இல்லாத வாத்து எப்படி அடங்கும் என்று நத்தைகுத்தி கேட்பார், வாத்துக்குக் குளம்தான் ஊர் என்று பதில் வைத்திருக்கிறேன்.

பறவை, ஆமை, யானை, கீதாரி நான்குக்கும் வலசை. கீதாரிக்குப் புதிய பலகை சேர்ந்ததால் மொத்தம் 15 ஆகிவிட்டது. சூளைக்கு 'பிழைக்கப் போனவர்கள்'. கணக்கெடுப்புப் பலகையில் இடம்பெயர்வு, அதன் கீழே 'வாக்கப்பட்டு வந்தவர்கள்' என்று துணைத்தலைப்பு. கடைசியில் தரவு நகர்த்தல். இடப்பெயர்ச்சி எங்கும் இல்லை, ஆசிரியர் நிம்மதியாக இருக்கலாம். ஆங்கிலப் பலகைகளில் 15-லும் பழைய ஒரே சொல்தான்.

தோட்டப் பலகையில்தான் நேரம் எடுத்தது. இரண்டு பத்தியாகப் பிரித்துவிட்டேன். போனதற்குப் 'பஞ்சம் பிழைக்கக் கண்டிச் சீமை'. வந்ததற்குத் 'தாயகம் திரும்பியோர்' என்பதை மேற்கோள்குறிக்குள் போட்டு, அது அரசு வைத்த பெயர் என்று எழுதியிருக்கிறேன். கூடலூர் அக்கா, பாட்டி சொன்ன வரியையும் பெயரில்லாமல் கீழே போட்டுக்கொள்ளட்டுமா?

கூடலூர் தேயிலை

பாட்டியிடம் கேட்டுவிட்டேன். போடச் சொன்னார். "கொண்டாந்து விட்டாங்க" என்று அப்படியே இருக்க வேண்டுமாம், 'கொண்டுவந்து விட்டார்கள்' என்று திருத்தக்கூடாதாம். நீங்கள் பிழைதிருத்தி என்று பெயர் வைத்திருப்பதைச் சொன்னதும் இந்த நிபந்தனை வந்தது.

கண்காட்சி எந்த நாள்? கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன்.

பிழைதிருத்தி

கை வைக்கமாட்டேன். அடுத்த மாதம் முதல் வாரம், கோயம்புத்தூரில். சனி, ஞாயிறு பள்ளிக்கூடப் பஸ்கள் வரிசையாக வரும், பாட்டிக்கு உட்கார இடம் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலையில் வாருங்கள். தோட்டப் பலகை ஏழாவது, பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.